ஸ்னாப்ஷாட் ஒன்றும் விடாமல் புது டிஸ்க்குக்கு

வீட்டு லினக்ஸ் மெஷினில் 4 டிபி ஹார்ட் டிஸ்க், அதில் பிடிஆர்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டம். போட்டோக்கள், பழைய ப்ராஜெக்ட்கள், வருஷக்கணக்கில் சேர்ந்த ஸ்னாப்ஷாட்டுகள் (அந்தந்த நேரத்து நிலையைப் பிடித்து வைத்த பிரதிகள்). எல்லாம் சேர்த்து 1.3 டிபிதான். அதை அப்படியே 2 டிபி எஸ்எஸ்டிக்கு மாற்ற வேண்டும், பழைய டிஸ்க்கும் உருக்குலையாமல் இருக்க வேண்டும்.

ஃபைல்களை நகலெடுக்கும் ஆர்சிங்க் உதவாது. ஸ்னாப்ஷாட்டுகள் ஒரே டேட்டாவைப் பங்கு போட்டுக்கொள்பவை. ஃபைல் ஃபைலாக நகலெடுத்தால் ஒவ்வொன்றும் முழு அளவுக்கு ஊதிவிடும், 2 டிபி எந்த மூலைக்கு? முழு டிஸ்க்கையும் அப்படியே நகலெடுக்கும் டிடி போட, புது டிஸ்க் சிறியது. பெரியதாக இருந்தாலும் போட்டிருக்க மாட்டேன்: ஒரே யூயூஐடியோடு (ஃபைல் சிஸ்டத்தின் அடையாள எண்) இரண்டு டிஸ்க் ஒரே மெஷினில் இருந்தால் பிடிஆர்எஃப்எஸ் குழம்பி டேட்டாவையே கெடுத்துவிடலாம். ஒரு டிஸ்க்குக்குப் பதில் இன்னொன்றை வைக்கும் ரீப்ளேஸ் கட்டளையும் பழையதைவிடச் சின்ன டிஸ்க்கை ஏற்காது. ஸ்னாப்ஷாட்டுகளை அனுப்பும் சென்ட்-ரிசீவில் ஒவ்வொன்றுக்கும் எது பேரன்ட் (எதிலிருந்து மாறியதை மட்டும் அனுப்புவது) என்று சொல்லிச் சொல்லி அனுப்ப வேண்டும். அவ்வளவு பொறுமை எனக்கில்லை.

மிஞ்சியது சீட் டிவைஸ்: பழைய டிஸ்க்கை எழுத முடியாத மூலமாக வைத்து, அதன் மேல் புது டிஸ்க்கைச் சேர்ப்பது. அதிகம் பேர் கண்டுகொள்ளாத வசதி, ஆனால் இந்த வேலைக்கென்றே செய்ததுபோல் இருக்கிறது. பழைய டிஸ்க்கை அன்மவுண்ட் செய்து, பிடிஆர்எஃப்எஸ்டியூன் கருவி மூலம் சீட் ஃப்ளாகைப் போட்டேன். அதன்பின் மவுண்ட் செய்தால் ரீட்-ஒன்லியாகத்தான் வரும். அதே மவுண்டில் டிவைஸ் ஆட் கொடுத்து எஸ்எஸ்டியைச் சேர்த்து, ரீட்-ரைட்டாக ரீமவுண்ட். எஸ்எஸ்டியைச் சேர்க்கும்போதே ஃபைல் சிஸ்டத்துக்குப் புது யூயூஐடி பிறந்துவிடுகிறது. கடைசியாக டிவைஸ் ரிமூவ் கொடுத்துப் பழைய டிஸ்க்கைக் கழற்றச் சொன்னால், அதிலுள்ள அத்தனையும் எஸ்எஸ்டிக்கு நகர ஆரம்பிக்கும். பழையதில் எதையும் எழுதாது. நடுவில் கரன்ட் போனாலும் எஸ்எஸ்டியை அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கலாம்.

ரிமூவ் கட்டளை வாயே திறக்காது. இன்னொரு டெர்மினலில், கர்னல் செய்திகளைக் காட்டும் டிமெசேஜைத் திறந்து வைத்தேன். ‘ரீலொகேட்டிங் பிளாக் குரூப்’ என்று ஒரு வரி, பக்கத்தில் நீளமான எண், அடுத்து எத்தனை எக்ஸ்டென்ட் (தொடர்ச்சியான டேட்டா துண்டு) கண்டது என்ற கணக்கு. டேட்டா பிளாக் குரூப்கள், பொதுவாக ஒவ்வொன்றும் 1 ஜிபி, மளமளவென்று ஓடின. மெட்டாடேட்டா (எந்த டேட்டா எங்கே இருக்கிறது என்ற விவரம்) வந்ததும் ஆமை வேகம். ஸ்னாப்ஷாட் நிறைய இருந்தால் அப்படித்தான். இடக் கணக்கு வைக்கும் குவாட்டாவும் போட்டிருந்தால் இன்னும் மோசம். சீட் ஆக்குமுன்பே அணைத்துவிடுங்கள், பிறகு ரீட்-ஒன்லி ஆகிவிடும்.

முடிந்ததும், எல்லா டேட்டாவையும் படித்துச் சரிபார்க்கும் ஸ்க்ரப் ஓட்டினேன், செக்சம் பிழை எதுவும் இல்லை. இரண்டு டிஸ்க்கின் சப்வால்யூம் (ஃபைல் சிஸ்டத்துக்குள் தனிப் பகுதி, ஸ்னாப்ஷாட்டும் அதில் ஒரு வகை) பட்டியலையும் டிஃப் போட்டுப் பார்த்ததில் ஒன்றும் விடுபடவில்லை. மவுண்ட் விவரங்கள் இருக்கும் எஃப்எஸ்டேப் ஃபைலில் புது யூயூஐடியை எழுதிவிட்டு, பழைய டிஸ்க்கின் சீட் ஃப்ளாகை எடுத்தேன். எச்சரிக்கை காட்டும், ஃபோர்ஸ் கொடுத்தால்தான் கேட்கும். ரிமூவ் முழுசாக முடியாமல் அதைத் தொட வேண்டாம்.

சப்வால்யூம்களின் சொந்த யூயூஐடிகள் மாறுவதில்லை. அதனால் வெளி டிஸ்க்குக்குப் போகும் இன்கிரிமென்டல் பேக்கப்பும் அறுந்துபோகவில்லை. அன்று ராத்திரி புது எஸ்எஸ்டியிலிருந்து மாறியது மட்டும்தான் போனது.