கிரிபஸ்: ஜூலை, ஆகஸ்ட் 2010

12 ஜூலை, திங்கள்

சிங்கப்பூர் இளையர் ஒலிம்பிக்குக்கு நம் பள்ளி அமைப்பது பசிபிக் தீவு நாடான கிரிபஸின் அரங்கு. இன்று அவர்களின் சுதந்திர தினம் (1979). நம் பதாகையிலோ 'கிரிபாட்டி' என்றே அடித்து வந்திருக்கிறது. கிரிபஸ்! அவர்கள் நெடுங்கணக்கில் 13 எழுத்துதான். ஸகரம் கிடையாது, 'டி' என்று எழுதி ஸ் என்று படிப்பார்கள். தீவுகளின் ஆங்கிலப் பெயர் 'கில்பர்ட்ஸ்', அவர்கள் வாயில் அப்படி ஆனது. கிறிஸ்மஸ் தீவு 'கிரிடிமாடி'. ஸ்டேஷனை இஸ்டேசன் ஆக்கியவர்கள் நாம், சிரிக்க உரிமை இல்லை.

15 ஜூலை, வியாழன்

அவர்கள் கொடி வந்தது. சூரியனின் கதிர் 15. இருக்க வேண்டியது 17: கில்பர்ட் தீவுகளுக்கு 16, தனித்தீவான பனாபாவுக்கு ஒன்று. துணியின் அளவுக்குப் படத்தை இழுத்தபோது இரண்டு ஓரமும் வெட்டுப்பட்டிருக்கிறது. திருப்பியாயிற்று.

19 ஜூலை, திங்கள்

தொட்டி. அரங்கில் வேறு எதுவும் இல்லாவிட்டாலும் இது இருக்க வேண்டும். பவளத்தீவில் ஆறு கிடையாது. மழைநீர் மணலில் இறங்கி, அடியில் ஊறியிருக்கும் கடல்நீரின் மேல் வில்லை போல மிதக்கிறது. கிணறு அதில்தான். 'பாபாய்' என்ற பெரிய சேம்புக்கும் அந்த ஈரம் எட்டும்வரை குழி தோண்டித்தான் நடுகிறார்கள். கடல் ஏறி உப்பு இறங்கினால் கிழங்கு அழுகும்.

மீன் தொட்டி, 60 × 30 × 30 செ.மீ. நடுவில் 15 செ.மீ. உயர மணல்மேடு. 10 லிட்டர் தண்ணீருக்கு 350 கிராம் உப்பு, நீலச் சாயம். ஓரமாக ஊற்றி 8 செ.மீ. வரை நிரப்ப வேண்டும். பிறகு மேட்டின் உச்சியில் பூவாளியால் நல்ல தண்ணீர்.

கெட்டுப்போனது. மணல் பொடி, மழை உள்ளே இறங்காமல் சரிவில் வழிந்து கடலோடு கலந்துவிட்டது. தூளுப்பில் கட்டிதட்டாமலிருக்கச் சேர்ப்பது தண்ணீரைப் பால்போல ஆக்கியது.

23 ஜூலை, வெள்ளி

ஒலிம்பியாவில் தீபம் ஏற்றிவிட்டார்கள். அவர்கள் தலைநகர் தாராவாவிலிருந்து பதில் இல்லை. இங்கே காலை 8 என்றால் அங்கே நண்பகல் 12. பள்ளி விட்டபின் கூப்பிட்டால் யார் எடுப்பார்கள்?

28 ஜூலை, புதன்

தொட்டியில் வில்லை வந்துவிட்டது! 1, 2 மி.மீ. பருமணல், ஐந்து தடவை கழுவியது. கல்லுப்பு, கரைத்து வடிகட்டியது. பூவாளி சொட்டுச் சொட்டாக. கூடுகிற கடல்நீரை ஓரத்தில் குழாய் வைத்து எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். போன தடவை அதையும் விட்டிருந்தோம். கண்ணாடிக்கு அருகே மேட்டின் அடியில் நீலம் மெல்ல விலகித் தெளிந்த வயிறு ஒன்று இறங்கியது.

கிணறு: கண்ணாடியோடு ஒட்டிய குழாய், அடியில் நைலான் காலுறைத் துணி. 50 மி.லி. ஊசிக்குழலால் மெதுவாக உறிஞ்சினால் நல்ல தண்ணீர். வெடுக்கென்று இழுத்தால் கீழிருந்து நீலம் கூம்பாக எழும்பிக் குழாய்க்குள் வந்துவிடுகிறது. ஒரு லிட்டர் கடல்நீர் ஏறக்குறைய 25 கிராம்தான் கூடுதல் கனம். அந்த 25 கிராமில் ஒரு ஊர் குடிக்கிறது. உயர்நிலை இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் நியூவாட்டரைப் (சுத்திகரித்த கழிவுநீர்) பற்றிக் கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.

2 ஆகஸ்ட், திங்கள்

மனேபா (அவர்கள் ஊர்க்கூடம்) கூரை. தாழ்வாரம் இறங்கி இருக்கும், குனிந்துதான் நுழைய வேண்டும். மரியாதை அதில் இருக்கிறது. சக்கர நாற்காலிக்காக ஒரு பக்கம் மட்டும் 2 மீட்டர். காய்ந்த தாழையோலை வேண்டாம், தீ. கேலாங் சிராய்ச் சந்தையில் குருத்தோலை வாங்கலாம், ஆனால் குளிர்சாதனத்தில் இரண்டாம் நாளே ஓரம் சுருளும். ஈரத் துண்டில் சுற்றி, காலையில் மட்டும் முடைய வேண்டும்.

5 ஆகஸ்ட், வியாழன்

கிரிபஸ் ஆட்டத்தில் கை கடற்பறவையின் சிறகு போல விரிந்து நிற்க வேண்டும், தலை வெடுக்கென்று திரும்ப வேண்டும். ஆடும்போது சிரிக்கக் கூடாது, அவர்கள் வழக்கத்தில் அது அநாகரிகம். நம் பிள்ளைகளுக்கு மேடை என்றாலே பல் தெரிய வேண்டும் என்று சொல்லிக் கொடுத்ததே நாம்தான். யாரோ வாங்கி வந்த பச்சைப் பிளாஸ்டிக் புல்பாவாடை கடைக்கே திரும்பியது.

6 ஆகஸ்ட், வெள்ளி

புதுக் கொடி. 17. இரண்டு பேர் தனித்தனியாக எண்ணினார்கள்.

10 ஆகஸ்ட், செவ்வாய்

அரங்கு அமையும் நன்யாங் பல்கலைக்கழகத்துக்குத் தொட்டியைக் காலியாகத்தான் ஏற்ற வேண்டும். ஈர மணலோடு தூக்கினால் சிலிக்கோன் ஒட்டு விட்டுவிடும். மணல் நான்கு வாளியில் தனியாக.

12 ஆகஸ்ட், வியாழன்

தாராவாவிலிருந்து மின்னஞ்சல். இரண்டே வரி. 'மௌரி' (வணக்கம்) என்று தொடங்குகிறது. தொட்டியின் படத்தைப் பார்த்துக் கேட்டிருக்கிறார்கள்: மேட்டில் தென்னை எங்கே?

13 ஆகஸ்ட், வெள்ளி

தென்னை. ஈர்க்குச்சி 9, பச்சைத் துணி. கல்லுப்பு ஒரு கிலோ. பூவாளியைப் பள்ளியிலேயே விட்டுவிடக் கூடாது.