கோயில் ரசீதும் திருமணச் சான்றிதழும்

கடலூரை அடுத்த திருவந்திபுரம் தேவநாதசுவாமி கோயிலில் எங்கள் திருமணம் நடந்தபோது கொடுத்த ரசீதையே சான்றிதழாக நம்பி, பீரோவில் பத்திரப்படுத்தியிருந்தேன். மனைவியின் விசாவுக்கு விண்ணப்பிக்க முனைந்தபோதுதான், அது திருமணம் நடந்ததற்கு ஓர் ஆதாரமாகுமே தவிர, சார்பதிவாளர் வழங்கும் சான்றிதழுக்கு ஈடாகாது என்பது புரிந்தது.

தமிழ்நாட்டின் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி, எந்த மதத்தவரானாலும் திருமணத்தை 90 நாள்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்துடன் மேலும் 60 நாள்கள் உண்டு. நல்லவேளையாக எங்களுக்கு இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது.

அழைப்பிதழிலும் ஆதாரிலும் மனைவியின் பெயர் ஓர் எழுத்து மாறியிருந்ததை அலுவலக வரிசையில் நின்றபோதுதான் கவனித்தேன். (பத்திரிகைக்கு மஞ்சள் தடவிய எவரும் அதைப் பார்க்கவில்லை.) பதிவு செய்யாததாலேயே இந்துத் திருமணம் செல்லாததாகிவிடாது என்று 1955ஆம் ஆண்டுச் சட்டத்தின் 8ஆம் பிரிவு கூறினாலும், விசா அலுவலகத்தில் அந்தப் பிரிவை வாசித்துக் காட்ட முடியாதே என்பதால், பிழையைத் திருத்த மறுநாளும் சென்றோம்.