ரியாக்டர் எந்த முனையில்? – ஏபிசிடி நாட்குறிப்பு

8 ஜூலை 2025

மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்கு டூ-போர்ட் நெட்வொர்க் (மின்சாரம் நுழைய ஒரு முனை, வெளியேற ஒரு முனை உள்ள சர்க்யூட்) ஆரம்பித்தாயிற்று. அதை விவரிக்க இசட், ஒய், ஹெச் என்று பல எண் தொகுப்புகள் இருந்தாலும் என் மனதுக்கு நெருக்கமானது ஏ, பி, சி, டி என்ற நான்கு எண்கள் கொண்ட டிரான்ஸ்மிஷன் பாராமீட்டர்தான். அனுப்பும் முனையின் வோல்ட்டேஜும் கரண்டும் ஒரு பக்கம், பெறும் முனையின் வோல்ட்டேஜும் கரண்டும் மறுபக்கம்:

வி1 = ஏ·வி2 + பி·ஐ2
ஐ1 = சி·வி2 + டி·ஐ2

ஐ2 வெளியே பாய்வதாக வைத்துக்கொண்டேன். உள்ளே வருவதாக எடுக்கும் புத்தகங்களில் பி, டி இரண்டுக்கும் முன்னால் மைனஸ் வரும். பிள்ளைகள் மார்க்கைக் கோட்டைவிடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். அதனால் அம்புக்குறியை முதலில் வரைந்துவிட்டுத்தான் சமன்பாட்டுக்கே போனேன்.

9 ஜூலை

இன்று இரண்டே மேட்ரிக்ஸ் (மேல் வரிசையில் ஏ, பி; கீழ் வரிசையில் சி, டி). தொடரில் இம்பீடன்ஸ் (ஏசி கரண்டுக்கான மொத்தத் தடை) இருந்தால் ஏ = டி = 1, பி = இசட், சி = 0. குறுக்கே அட்மிட்டன்ஸ் (இம்பீடன்ஸின் தலைகீழ்) இருந்தால் ஏ = டி = 1, பி = 0, சி = ஒய். வரிசையாகக் கோத்த எந்தச் சர்க்யூட்டையும் இவற்றைப் பெருக்கியே கட்டிவிடலாம். ஒவ்வொரு பெருக்கலுக்குப் பிறகும் ஏ·டி − பி·சி = 1 வருகிறதா என்று பார்க்கச் சொன்னேன். ரெசிஸ்டர், இண்டக்டர், கெபாசிட்டர் மட்டும் உள்ள சர்க்யூட்டில் அது வந்தே தீர வேண்டும்.

11 ஜூலை

நிஜ மின்கடத்தல் லைன் ஒன்றை எடுத்துக்கொண்டோம். 400 கிலோவோல்ட், 300 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு ரியாக்டன்ஸ் (இம்பீடன்ஸில் இண்டக்டன்ஸால் வரும் பகுதி) 0.33 ஓம், குறுக்கு சஸெப்டன்ஸ் (அட்மிட்டன்ஸில் கெபாசிட்டன்ஸால் வரும் பகுதி) 3.5 மைக்ரோசீமென்ஸ். ரெசிஸ்டன்ஸை விட்டுவிட்டோம். மொத்தம் இசட் = ஜெ99 ஓம், ஒய் = ஜெ0.00105 சீமென்ஸ் (ஜெ என்பது −1-இன் வர்க்கமூலம்). பை மாடலில் ஒய்யைப் பாதி பாதியாக இரு முனையிலும் வைத்து, மூன்று மேட்ரிக்ஸையும் பெருக்கினால் ஏ = 1 + ஒய்·இசட்/2 = 0.948.

மறுமுனை திறந்திருந்தால் ஐ2 = 0, வி2 = வி1/ஏ. அதாவது 400-ஐ 0.948-ஆல் வகுக்க வேண்டும். வருவது 422 கிலோவோல்ட். நம் நாட்டு கிரிட் விதியில் 400 கிலோவோல்ட்டுக்கு மேல் வரம்பு 420. லோடே இல்லாமல் வோல்ட்டேஜ் ஏறுகிறது. 1890 வாக்கில் டெப்ட்ஃபோர்டிலிருந்து லண்டனுக்கு 10 கிலோவோல்ட் கேபிள் போட்ட பொறியாளர் ஃபெராண்டியின் பெயரால் அறியப்படும் விளைவு இது.

சரி, மறுமுனையில் 50 மெகாவார் ரியாக்டர் (லைனின் கெபாசிட்டன்ஸை ஈடுகட்டக் குறுக்கே வைக்கும் பெரிய காயில்; மெகாவார் என்பது ரியாக்டிவ் பவரின் அலகு) வைப்போம். அதன் அட்மிட்டன்ஸ் ஒய்ஆர் = −ஜெ0.0003125. அதன் மேட்ரிக்ஸ் வலப்பக்கம் சேர, ஏ என்பது ஏ + பி·ஒய்ஆர் ஆகிறது: 0.948 + 0.031 = 0.979. வோல்ட்டேஜ் 409-க்கு இறங்கிவிட்டது.

அப்போதுதான் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண், "சார், அதே ரியாக்டரை இந்தப் பக்கம் வெச்சாலும் அதே பலன்தானே?" என்று கேட்டாள். நானே சொல்லாமல் அவளையே போர்டில் பெருக்கச் சொன்னேன். இந்த முறை ரியாக்டர் மேட்ரிக்ஸ் இடப்பக்கம், அதாவது அனுப்பும் முனையில். சி மாறியது, டி மாறியது. ஏ அசையவே இல்லை, அதே 0.948. மறுமுனையில் அதே 422. சாக்பீஸோடு கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். மேட்ரிக்ஸை இடம் மாற்றிப் பெருக்கக் கூடாது என்று பிளஸ் டூவில் படித்த விதி, தரையில் சாதனம் நிற்கும் இடத்தைத்தான் சொல்கிறது. வகுப்பில் எல்லோருக்கும் அது பிடிபட்டதைப் பார்த்தேன், அவ்வளவு சந்தோஷம்.

14 ஜூலை

அவளே தொடர்ந்தாள்: "அனுப்பும் முனை 400-லேயே நிக்கும்னு யார் சார் சொன்னது?" அருமையான கேள்வி. சோர்ஸுக்கும் அனுப்பும் முனைக்கும் நடுவில் ஜெ20 ஓம் இருப்பதாக வைத்து (லைன் சேரும் மின்நிலைய இணைப்பான பஸ்ஸின் பலத்தைச் சொல்லும் ஷார்ட் சர்க்யூட் லெவல் 8000 எம்விஏ), இன்னொரு மேட்ரிக்ஸை இடக்கோடியில் சேர்த்தோம். சோர்ஸ் 400 என்றால், ரியாக்டர் இல்லாமல் மறுமுனை 431. அனுப்பும் முனையில் ரியாக்டர் வைத்தால் 428. பெறும் முனையில் வைத்தால் 415. ஆக, பஸ் பலவீனமாக இருந்தால் அனுப்பும் முனை ரியாக்டருக்கும் கொஞ்சம் வேலை இருக்கிறது. ஆனால் 420-க்குள் கொண்டுவர அது போதவில்லை.

லைனை எந்தப் பக்கத்திலிருந்தும் சார்ஜ் செய்ய (மின்சாரம் ஏற்ற) வேண்டி வரலாம் என்பதால், நீளமான லைன்களில் இரு முனையிலும் ரியாக்டர் வைப்பது வழக்கம். அதையும் போட்டுப் பார்த்தோம்: 412. நாளை ஐ2-வைப் பூஜ்யமாக வைக்காமல், லோடைச் சேர்க்கப் போகிறோம். அப்போது பி·ஐ2-க்கும் வேலை வரும்.