அம்மாவின் மருத்துவப் பதிவுகளை ஒன்றுசேர்த்த அனுபவம்

அம்மாவுக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம், கூடவே சிறுநீரகத்தில் லேசான பாதிப்பு. இரண்டு மருத்துவமனைகளில் சிறப்பு மருத்துவர்களைப் பார்க்கிறார், பொதுவான எதற்கும் குடும்ப மருத்துவர் இருக்கிறார். எல்லாருமே அக்கறையாகப் பார்ப்பவர்கள்தான். ஆனால் ஒருவர் எழுதியது அடுத்தவர் கண்ணுக்கு எட்டுவதில்லை. நடுவில் செய்தியைச் சுமந்து போகிற வேலை அம்மாவுடையதாக இருந்தது. எழுபதைத் தாண்டியவர், உடம்புக்கு முடியாத நேரத்தில், மாத்திரைப் பெயர்களை நினைவில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு அறையிலும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். இதை மாற்றத்தான் அவருடைய பதிவுகளை எல்லாம் ஒரே இடத்துக்குக் கொண்டுவர முடிவு செய்தோம். இதே வேலையில் இறங்கப் போகிறவர்களுக்கு உதவும் என்பதால் நடந்ததை எழுதுகிறேன்.

முதல் படி அனுமதி. இரண்டு மருத்துவமனைகளிலுமே நோயாளருக்கான இணையக் கணக்கு இருந்தது. அம்மாவின் பாஸ்வேர்டை வாங்கி நானே உள்ளே போயிருக்கலாம், பெரும்பாலான வீடுகளில் அப்படித்தான் நடக்கிறது. நாங்கள் அப்படிச் செய்யவில்லை. பராமரிப்பாளருக்குத் தனிக் கணக்கு தருகிற வசதி இருக்கிறது. நோயாளர் கையெழுத்திட்டால் போதும், நமக்கென்று தனி நுழைவு கிடைக்கும். யார் எப்போது பார்த்தார்கள், யார் செய்தி அனுப்பினார்கள் என்பது அவரவர் பெயரில் பதிவாகும். மருத்துவரும் தான் பேசுவது அம்மாவிடமா என்னிடமா என்று தெரிந்து பதில் எழுதுவார். இன்னொன்றும் உண்டு: எதையெல்லாம் நான் பார்க்கலாம் என்பதை அம்மாவே தேர்ந்தெடுக்கலாம். ஒரு பிரிவை அவர் எனக்குத் திறக்கவில்லை. ஏன் என்று நான் கேட்கவும் இல்லை, அது அவருடைய உரிமை.

அடுத்தது பதிவுகளைக் கேட்டு வாங்குவது. 'எல்லா ரிப்போர்ட்டும் வேண்டும்' என்று பொதுவாகக் கேட்டால் கட்டுக்கட்டாகத் தாள் வரும். டிஸ்சார்ஜ் சம்மரி, ஆய்வக முடிவுகள், தற்போதைய மருந்துப் பட்டியல், ஒவ்வாமைப் பட்டியல், மருத்துவர் எழுதிய குறிப்புகள், ஸ்கேன் படங்கள் என்று பெயர் சொல்லிக் கேட்டதில்தான் வேலை நடந்தது. கேட்கும்போதே 'கணினி படிக்கிற வடிவத்தில் தர முடியுமா' என்றும் சேர்த்துக் கேளுங்கள். அந்த ஒரு வரிதான் பின்னால் வரும் உழைப்பைப் பாதியாக்குகிறது.

காரணம் இதுதான். பிடிஎஃப் என்பது தாளின் படம். மனிதர் படிக்கலாம், ஆனால் அதிலுள்ள கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தச் சோதனை) எண்ணைப் போன வருட எண்ணோடு கணினி தானாகச் சேர்த்துப் பார்க்காது. இதற்காகவே ஒரு தரம் இருக்கிறது. எச்எல்7 என்ற அமைப்பு 1987 முதல் மருத்துவக் கணினிகள் ஒன்றோடொன்று பேசுவதற்கான விதிகளை வகுத்து வருகிறது. அதன் புதிய தரம் எஃப்எச்ஐஆர், 'ஃபயர்' என்று சொல்வார்கள். மருந்து, ஒவ்வாமை, பரிசோதனை முடிவு என்று ஒவ்வொன்றையும் தனித்தனித் துண்டாகப் பிரித்து, எந்தச் செயலியும் புரிந்துகொள்ளும்படி தருவது இதன் வேலை. ஒரு மருத்துவமனை இதற்கு ஆதரவு தந்தது, அதன் தரவு சில நிமிடங்களில் அம்மாவின் கைபேசிச் செயலிக்குள் வந்துவிட்டது. இன்னொன்று பிடிஎஃப் மட்டுமே தந்தது. அதை உட்கார்ந்து தட்டச்சு செய்தேன்.

செயலிக்குள் வந்த முதல் வரைபடமே அம்மாவைப் பயமுறுத்தியது. கிரியேட்டினின் 1.3 என்ற இடத்திலிருந்து திடீரென்று 115க்கு ஏறியிருந்தது. உண்மையில் எதுவும் ஏறவில்லை. வெளிநாட்டில் அக்கா வீட்டில் தங்கியிருந்தபோது செய்த சோதனை அது. அந்த ஆய்வகம் லிட்டருக்கு மைக்ரோமோல் கணக்கில் தந்திருந்தது, இங்கே டெசிலிட்டருக்கு மில்லிகிராம். ஒரு மில்லிகிராம் கணக்கை 88.4ஆல் பெருக்கினால் மைக்ரோமோல் வரும், 1.3ஐப் பெருக்கிப் பாருங்கள், 115தான். இப்படிக் குழம்பாமல் இருக்கத்தான் ஆய்வகச் சோதனைகளுக்கான லாயின்க் என்ற குறியீட்டு முறை 1994இல் தொடங்கப்பட்டது. இரண்டு அலகுகளுக்கும் அதில் இரண்டு தனிக் குறியீடுகள் உண்டு. ஆனால் நான் கையால் உள்ளிட்ட முடிவுகளுக்குக் குறியீடு ஏது? ரிப்போர்ட்டைப் பார்க்கும்போது எண்ணோடு அலகையும் பாருங்கள். கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி கூட சில நாடுகளில் சதவீதத்தில் வராது, அங்கே 7 சதவீதம் என்பது 53 என்று இருக்கும்.

இப்போது மருந்துப் பட்டியல். இவ்வளவு வேலையும் வீண் போகவில்லை என்று எனக்குத் தோன்றிய இடம் இது. அம்மாவுக்குக் கொஞ்ச காலமாகக் கணுக்கால் வீங்கிக்கொண்டிருந்தது. அதற்காக ஒரு மருத்துவர் நீர் பிரிய மாத்திரை கொடுத்தார். மாத்திரை தொடங்கியதும் இரவில் பலமுறை எழ வேண்டியிருந்தது, எழுந்தால் தலை சுற்றியது. தலைசுற்றலை வயதின் கணக்கில் எழுதிவிட்டார்கள்.

இரண்டு மருத்துவமனைகளின் பட்டியலையும் ஒன்றாக்கும்போது பிராண்ட் பெயரோடு நிறுத்தாமல், அட்டையில் சிறிய எழுத்தில் இருக்கும் மூலப்பெயரையும் சேர்த்தேன். உடனே செயலி ஒரு வரியைச் சிவப்பில் காட்டியது: ரத்த அழுத்த மருந்தான அம்லோடிபின் இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒரு மருத்துவமனை 5 மில்லிகிராம் தனி மாத்திரையாக எழுதியிருந்தது. இன்னொன்று டெல்மிசார்ட்டான் என்ற வேறொரு ரத்த அழுத்த மருந்தோடு சேர்ந்த கூட்டு மாத்திரையாக, அதற்குள்ளும் 5. பெயரும் நிறமும் அட்டையும் வேறுவேறு. அம்மா நாளுக்கு 10 மில்லிகிராம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அளவு கூடக்கூடக் கணுக்கால் வீக்கம் வருவது அம்லோடிபினின் நன்கு தெரிந்த பக்கவிளைவு. ஒரு மருந்தின் பக்கவிளைவைப் புதிய நோய் என்று எடுத்துக்கொண்டு அதற்கு இன்னொரு மருந்து எழுதுவதை மருத்துவ உலகில் மருந்துச் சங்கிலி என்ற பொருளில் குறிப்பிடுகிறார்கள். அந்தச் சங்கிலிதான் எங்கள் வீட்டில் ஓடிக்கொண்டிருந்தது.

இரண்டு மருத்துவமனைகளின் கணினியிலும் ஒரே மருந்து இரட்டிப்பானால் எச்சரிக்கும் வசதி இருக்கிறது. ஆனால் இரண்டும் தன் பட்டியலை மட்டுமே சரிபார்த்தன. எனக்கு இதில் மருத்துவர்கள் மேல் கோபம் வரவில்லை. தகவல் ஓரிடத்தில் சேராததால் வந்த வலி இது, அதை ஒரு மூதாட்டி மாதக்கணக்கில் உடம்பில் சுமந்தார் என்பதுதான் ஆற்றாமையாக இருந்தது. நாங்களாக எந்த மாத்திரையையும் நிறுத்தவில்லை. குடும்ப மருத்துவருக்குப் பட்டியலோடு செய்தி அனுப்பினோம், மாத்திரைகள் அத்தனையையும் எடுத்துக்கொண்டு வரச் சொன்னார். தனி அம்லோடிபினை நிறுத்தினார், கொஞ்சம் பொறுத்து நீர் பிரியும் மாத்திரையையும். சில வாரங்களில் வீக்கம் வடிந்தது, இரவுத் தூக்கம் திரும்பியது.

ஒவ்வாமைப் பட்டியலில் இன்னொரு சிக்கல். அம்மாவுக்குப் பென்சிலின் ஒவ்வாமை என்று இருந்தது. கேட்டால், எப்போதோ பென்சிலின் வகையைச் சேர்ந்த அமாக்சிசிலின் சாப்பிட்டபோது வயிற்றைப் புரட்டியது, அவ்வளவுதான் என்கிறார். அது பக்கவிளைவு. ஆனால் ஒவ்வாமை என்ற பெட்டியில் ஒருமுறை விழுந்துவிட்டால், அதன் பிறகு எந்தத் தொற்றுக்கும் வேறு மருந்துதான் கொடுப்பார்கள். அமெரிக்காவில் சுமார் 10 சதவீத நோயாளர்களின் பதிவில் இந்த வரி இருக்கிறது. சோதித்தால் அவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் உண்மையான ஒவ்வாமை இருப்பதில்லை. எழுத்துமூலம் திருத்தம் கேட்டோம். மருத்துவர் அம்மாவிடம் விவரமாகக் கேட்டு, ஒவ்வாமைச் சோதனை செய்ய வைத்து, அதன் பிறகுதான் மாற்றினார். பழைய வரி அழியாது, அது 'திருத்தப்பட்டது' என்ற குறிப்போடு தேதி போட்டு அப்படியே இருக்கும். அதுவே சரியான முறை.

மருத்துவர் எழுதும் குறிப்புகளை நோயாளர் படிக்கலாமா என்பதில் பலருக்கும் தயக்கம் உண்டு. அமெரிக்காவில் 2010இல் ஓப்பன்நோட்ஸ் என்ற பெயரில் மூன்று இடங்களில் சோதித்துப் பார்த்தார்கள், 105 மருத்துவர்கள் கலந்துகொண்டார்கள். ஓராண்டு முடிவில் கருத்துக் கேட்டபோது அநேகமாக எல்லா நோயாளர்களும் தொடர வேண்டும் என்றார்கள், ஒரு மருத்துவர்கூட நிறுத்தவில்லை. அம்மா தன் குறிப்பைக் கண்ணாடி போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார். 'பிபி மாத்திரையைக் காலையில் சாப்பிடுகிறார்' என்று இருந்த இடத்தில் நிறுத்தி, "நான் ராத்திரியில்தானே சாப்பிடுறேன்?" என்றார். இதுவரை சொல்லவில்லையே என்று கேட்டேன். "டாக்டர் கேட்கவே இல்லையே, நானா எப்படிச் சொல்றது?"

கேட்டால் சொல்வார். சந்திப்புக்கு முன் இணையக் கணக்கில் ஒரு படிவம் வரும். அதில் கடைசிக் கேள்வி, உங்களுக்கு இப்போது முக்கியமானது எது என்பது. பலர் காலியாக விட்டுவிடுகிற பெட்டி. அம்மா எழுதியது: 'மாடிக்கு ஏறிப் போய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். தலை சுற்றக் கூடாது.' அந்த முறை மருத்துவர் பேச்சைத் தொடங்கியதே மாடிப்படியிலிருந்துதான். உட்கார்ந்தும் நின்றும் பிபி பார்த்தார், எந்த அளவுக்குக் குறைத்தால் அம்மாவால் தாங்க முடியும் என்று அவரிடமே பேசி முடிவு செய்தார். தொழில்நுட்பம் செய்த வேலை அந்தப் பெட்டியை மருத்துவரின் திரையில் மேலே கொண்டுவந்து காட்டியது மட்டுமே. எனக்கு அது பெரிய வேலையாகத் தெரிகிறது.

இப்படி நோயாளரின் சொல்லைக் கேட்பதால் என்ன கிடைக்கும் என்பதற்கு 2017இல் வெளிவந்த ஓர் ஆய்வு உண்டு. புற்றுநோய் சிகிச்சையில் இருந்த 766 பேரில் ஒரு பகுதியினர் தங்கள் அறிகுறிகளை இணையம் வழியாகத் தாங்களே பதிவு செய்தார்கள். கடுமையானால் செவிலியருக்கு எச்சரிக்கை போகும். அவர்களின் இடைநிலை ஆயுட்காலம் (பாதிப் பேர் அதைத் தாண்டி வாழ்ந்த காலம்) 31.2 மாதங்கள், வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களுக்கு 26. 

அம்மா இப்போது வீட்டிலேயே பிபி பார்த்துப் பதிவு செய்கிறார். ஐந்து நிமிடம் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை. வீட்டு அளவுக்கு வரம்பு 135/85, மருத்துவமனையில் பார்த்தால் 140/90. மருத்துவரிடம் காட்டும்போது இது வீட்டில் பார்த்தது என்று சொல்லிவிட வேண்டும்.

அவசரத்துக்காக ஒரு பக்கச் சுருக்கமும் தயார் செய்தோம். சர்வதேச நோயாளர் சுருக்கத்துக்கென்று ஐஎஸ்ஓ 27269 என்ற தரம் 2021இல் வந்திருக்கிறது. அதன்படி மருந்துகள், ஒவ்வாமைகள், நோய்ப் பட்டியல் மூன்றும் கட்டாயம். அதே வரிசையில் எழுதி, கைபேசியின் பூட்டைத் திறக்காமலே பார்க்கக்கூடிய அவசரத் தகவல் பகுதியில், அம்மாவிடம் கேட்டுக்கொண்டு, ஏற்றினோம். மருந்து மாறும்போதெல்லாம் அதையும் மாற்ற வேண்டும். எங்கள் வீட்டில் அது அம்மாவின் பொறுப்பு.

ஸ்கேன் படங்கள் மட்டும் இன்னும் குறுந்தகட்டில்தான் இருக்கின்றன, அதைப் போட்டுப் பார்க்க வீட்டில் கருவியே இல்லை. அடுத்த ஸ்கேனுக்குப் படங்களை இணைப்பாக அனுப்ப முடியுமா என்று முன்கூட்டியே கேட்டோம். முடியுமாம், நோயாளர் கையெழுத்திட்ட கோரிக்கை ஒன்று வேண்டுமாம். அம்மா எழுதிக் கொடுத்துவிட்டார்.