குடத்துக்குள் ஓலை

ஜூலை 3, திங்கள்

எச்.எம். வட்டார வளமையக் கூட்டத்துக்குப் போய்விட்டார். ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் கிளம்பினால் ஐந்து வகுப்பும் இன்னொருவர் தலையில்தான். 19 பிள்ளைகளும் ஒரே அறையில். ஐந்தாம் வகுப்புக்கு உள்ளாட்சிப் பாடம் எடுக்கலாமென்று உட்கார்ந்தால், அதற்குள் யார் லீடர் என்று சண்டை. சரி, இதையே பாடமாக்கிவிடலாம் என்று, பெயர் எழுதிய ஓலையைக் குடத்தில் போட்டு ஆளைத் தேர்ந்தெடுக்கும் பழைய குடவோலை முறையை எடுத்தேன்.

உத்திரமேரூர் இங்கிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம். அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தகன் காலத்தில், 919இலும் 921இலும் தேர்தல் விதிகளை வெட்டி வைத்திருக்கிறார்கள் என்றதும் அறை கொஞ்சம் அடங்கியது. அந்த ஊரை 30 ‘குடும்பு’களாக, அதாவது வார்டுகளாக, பிரித்திருந்தார்கள். எங்களுக்கு மூன்று தெரு போதும். தரையில் சாக்பீஸால் ஊரை வரைந்தார்கள். ஒன்றாம் வகுப்புக்காரன் வரைந்த ஆடு மாரியம்மன் கோயிலைவிடப் பெரிசு. யாரையும் அழிக்க விடவில்லை அவன்.

ஜூலை 5, புதன்

விதிகளை வாசித்தேன். வயது 35 முதல் 70 வரை. சொந்த மனையில் வீடு. வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் (வேலி என்பது பழைய நில அளவு). வேதம் தெரிந்திருக்க வேண்டும்.

“எங்களுக்கு நிலமே இல்ல டீச்சர்” என்றான் நான்காம் வகுப்புப் பையன். “பொம்பளைங்க?” என்றாள் பக்கத்திலிருந்தவள். இல்லை என்றேன். இருவரும் எழுந்து போய்ப் பலகையில் அந்த வரிகளை அழித்துவிட்டு வந்தார்கள். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஜனநாயகம் என்று மேடையில் முழங்குபவர்கள், அது சதுர்வேதிமங்கலம், அதாவது பிராமணர் ஊர், பிராமணர் சபை என்பதைச் சொல்லாமலே கடந்துவிடுகிறார்கள். பிள்ளைகளுக்கு அதைச் சொல்ல ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

ஒரு விதியை மட்டும் எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள்: வாரியத்தில், அதாவது ஊர் வேலை பார்க்கும் குழுவில், இருந்து கணக்குக் காட்டாதவன் மறுபடி நிற்கக் கூடாது, அவன் உறவினரும் கூடாது. போன வருஷ லீடரிடம் இருந்த ஸ்கிப்பிங் கயிறு இரண்டு காணோம். அவன் தங்கை மூன்றாம் வகுப்பில் இருக்கிறாள். அத்தை மகன், சித்தி மகன் என்று புளியங்கொட்டை அடுக்கி உறவு பார்த்தார்கள். எங்கள் ஊரில் யார் யாருக்கு உறவில்லை? கடைசியில் நான்கு கொட்டைதான் மிச்சம். உறவினர் விதியும் போயிற்று. கயிற்றை நானே வாங்கித் தருகிறேன் என்று சொல்லித்தான் சத்தத்தை அடக்கினேன்.

ஜூலை 7, வெள்ளி

பனையோலை கிடைத்தது. பால்பாயிண்ட் பேனா வழுக்குகிறது. காம்பஸ் முனையால் கீறி, கரியை எண்ணெயில் குழைத்துத் தேய்த்துத் துடைத்தால் பெயர் கறுப்பாக எழுந்து வருகிறது. பெரியவர்கள் கீற, சின்னவர்கள் தேய்க்க, எல்லார் சட்டையும் பாழ். சத்துணவு அக்கா ஒரு மண்குடம் கொடுத்தார்.

கல்வெட்டின்படி, உள்ளே எழுதியிருப்பது இன்னதென்று அறியாத ஒரு பாலன்தான் ஓலை எடுக்க வேண்டும். வருஷம் முழுக்க “இவனுக்கு இன்னும் வாசிக்க வரலையா” என்று கேட்கப்படும் பிள்ளைக்கு இன்று ராஜமரியாதை. குடத்தைக் கவிழ்த்துக் காலி என்று காட்டினோம். அவன் எடுத்த ஓலையை, ஐந்து விரலையும் அகல விரித்த உள்ளங்கையில்தான் மத்தியஸ்தர் வாங்க வேண்டும், விரலிடுக்கில் வேறொன்றை ஒளிக்க முடியாதபடி. ஐந்தாம் வகுப்புப் பெண் கையை விறைப்பாக நீட்டியபடி நின்றாள்.

இரண்டு தெரு முடிந்தது. மூன்றாவதில் பையன் ஓலையை எடுத்தான், பார்த்தான், திரும்ப உள்ளே போட்டான். “அக்கா பேரு இல்ல” என்றான். முதல் எழுத்து தெரிந்திருக்கிறது! ஜூன் முழுக்க நான் கத்துக் கொடுத்ததுதான். ஒரே கூச்சல். அவனை மாற்றிவிட்டு, எழுத்தே இன்னும் பிடிபடாத ஒரு சின்னப் பெண்ணை வைத்து எடுத்தோம். இவன் மூலையில் உட்கார்ந்து அழுதான். வாசித்ததற்காக அழ வைத்துவிட்டேனே என்று எனக்கும் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அப்புறம் எல்லா ஓலையையும் அவன் மடியில் கொட்டி, அக்கா பெயரைத் தேடச் சொன்னேன். கண்டுபிடித்துவிட்டான்.

ஜூலை 10, திங்கள்

தோட்டத்துக்கு ஒருவர், தண்ணீருக்கு ஒருவர், விளையாட்டுச் சாமானுக்கு ஒருவர் என்று மூன்று வாரியம். காலையில் என் மேசையில் புது நோட்டு ஒன்று. முதல் பக்கத்தில், கோணல் எழுத்தில்:

“டீச்சர் தர வேண்டியது – ஸ்கிப்பிங் கயிறு 2.”