கால்கூர்லியில் தங்கத்தின் கூட்டாளிகள்

மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலிருந்து கிழக்கே புறப்படும் ‘பிராஸ்பெக்டர்’ தொடர்வண்டி, கோதுமை வயல்களைத் தாண்டிச் செம்மண்ணும் யூகலிப்டஸ் மரங்களும் மட்டுமே உள்ள வறண்ட நிலத்துக்குள் நுழைந்து, ஏறத்தாழ 7 மணி நேரத்தில் கால்கூர்லியை அடைகிறது. பெர்த்துக்கு அருகிலுள்ள முண்டாரிங் அணையிலிருந்து சுமார் 530 கிலோமீட்டர் தொலைவுக்குக் குடிநீர் கொண்டுசெல்லும் எஃகுக் குழாய் இந்த நகரத்தில்தான் முடிகிறது. 1903-ஆம் ஆண்டு அந்தக் குழாய் திறக்கப்படும்வரை, தங்கம் ஏராளமாகக் கிடைத்த இந்த மண்ணில் குடிநீர் அரிய பண்டமாக இருந்தது. நிலத்தடியில் தண்ணீர் இல்லாமலில்லை. ஆனால் அது கடல்நீரைவிடவும் உப்பு மிகுந்தது. அந்த உப்புநீர் தங்கத் தொழிலுக்குக் கொடுக்கும் தொல்லையைப் பின்னர் சொல்கிறேன்.

வேதியியல் படித்தவன் என்ற முறையில், சயனைடைக் கொண்டு தங்கத்தைக் கரைத்தெடுக்கும் வினையை நான் வெகுகாலமாக அறிவேன். காற்றிலுள்ள ஆக்சிஜன் உடனிருந்தால் சயனைடுக் கரைசலில் தங்கம் கரையும் என்பதை வேதியியலாளர் எல்ஸ்னர் 1846-இல் விளக்கினார். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் மக்கார்தரும் ஃபாரஸ்ட் சகோதரர்களும் 1887-இல் அதைத் தொழில்முறையாக்கிக் காப்புரிமை பெற்றனர். பாடப்புத்தகத்தில் இது ஒற்றை வரிச் சமன்பாடு. 4 தங்க அணுக்களுக்கு 8 சயனைடு அயனிகளும் ஓர் ஆக்சிஜன் மூலக்கூறும் போதும். அந்தக் கணக்கின்படி 1 கிராம் தங்கத்தைக் கரைக்க ஏறத்தாழ அரை கிராம் சோடியம் சயனைடே தேவைப்படும். ஒரு டன் தாதுவில் 2 கிராம் தங்கம் இருந்தால் 1 கிராம் சயனைடோடு வேலை முடிந்துவிட வேண்டும். ஆனால் ஆலைகளில் ஒரு டன் தாதுவுக்குச் சில நூறு கிராம் முதல் சில கிலோகிராம் வரை சயனைடு செலவாகிறது. தங்கத்துக்குப் போவது அதில் மிகச் சிறிய பங்கு; பெரும்பங்கை உட்கொள்பவை தங்கத்தோடு ஒரே பாறையில் உறையும் மற்ற கனிமங்கள். அந்தக் கூட்டாளிகளை நேரில் பார்க்கக் கால்கூர்லியைவிடப் பொருத்தமான ஊர் எனக்குத் தோன்றவில்லை.

நகரின் ஓரத்திலேயே ‘சூப்பர் பிட்’ எனப்படும் திறந்தவெளிச் சுரங்கம் வாய் திறந்து கிடக்கிறது. ஏறத்தாழ மூன்றரைக் கிலோமீட்டர் நீளம், ஒன்றரைக் கிலோமீட்டர் அகலம், 600 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் என்று எண்களைப் படித்துவிட்டு வந்திருந்தாலும், பார்வை மேடையில் நின்றபோது கண்ணை ஈர்த்தது அதன் அளவன்று, நிறம். விளிம்பையொட்டிய மேற்பகுதி துருவின் சிவப்பும் மஞ்சளுமாக இருக்கிறது. கீழே இறங்க இறங்கப் பாறை சாம்பலும் பச்சையும் கலந்ததாக மாறுகிறது. மேலே இருப்பது கோடிக்கணக்கான ஆண்டுகளாகக் காற்றும் நீரும் புகுந்து ஆக்சிஜனேற்றம் அடைந்த பகுதி. அங்கே இரும்பின் சல்பைடுகள் (கந்தகத்தோடு சேர்ந்த கனிமங்கள்) சிதைந்து துருவாகிவிட்டதால், அவற்றுக்குள் அடைபட்டிருந்த தங்கம் விடுபட்டுத் தனித் துகளாகக் கிடந்தது. நொறுக்கிக் கழுவினாலே பெரும்பங்கு கைக்கு வந்துவிடும். நிறம் மாறும் எல்லைக்குக் கீழே பாறை தன் சல்பைடுகளை அப்படியே வைத்திருக்கிறது. தங்கம் அங்கேயும் உண்டு, ஆனால் எளிதில் வெளிவராது. சுரங்கத்தின் சுவரில் ஒரு கோடு போல் தெரியும் அந்த நிறமாற்றமே, உலோகவியலாளர்களுக்கு இலகுவான தாதுவையும் பிடிவாதமான தாதுவையும் பிரிக்கும் எல்லை.

கால்கூர்லியின் பிடிவாதத்துக்குத் தனிக் காரணமும் உண்டு. 1893-இல் பாட்ரிக் ஹனனும் அவருடைய கூட்டாளிகளும் இங்கே தங்கம் கண்டபின், மக்கள் மேற்பரப்புத் தங்கத்தைத் தேடி அள்ளினர். ஆழத்தில் வந்த பித்தளை நிறக் கனிமத்தைப் பைரைட்டு என்ற பயனற்ற இரும்புச் சல்பைடு என்று கருதிக் கழிவோடு ஒதுக்கினர். அந்தக் கல்லைக் கொண்டு தெருப்பள்ளங்களை நிரப்பியதாகவும், சுவர் எழுப்பியதாகவும் ஊரில் இன்றும் சொல்கிறார்கள். 1896-இல் அது தங்கமும் டெல்லூரியம் என்ற தனிமமும் சேர்ந்த டெல்லூரைடு என்று தெரியவந்தது. காலவெரைட் என்ற டெல்லூரைடில் எடைப்படி 43 விழுக்காட்டுக்கும் மேல் தங்கமே இருக்கிறது. தெருவைத் தோண்டி எடுத்துப் போனார்கள் என்ற கதையில் எவ்வளவு மிகை இருந்தாலும், இத்தனை வளமான கனிமம் கண்ணெதிரே இருந்தும் கவனம் பெறாதது வியப்புக்குரியதன்று. அந்தக் காலத்து அரவைத் தகடுகளில் பூசியிருந்த பாதரசம் அதைப் பிடிக்கவில்லை, சயனைடும் அதை எளிதில் தொடவில்லை.

தனித் தங்கம் ஒரு நாளில் கரையும் கரைசலில் டெல்லூரைடு மிக மெதுவாகவே கரைகிறது. தங்கம் டெல்லூரியத்தோடு வேதிப்பிணைப்பில் இருப்பது ஒரு காரணம். துகளின் மேல் டெல்லூரியத்தின் ஆக்சிஜன் சேர்மங்கள் படலமாகப் படிந்து கரைசலைத் தடுப்பது மற்றொன்று. இதற்கு இங்கே இரண்டு வழிகள் கண்டனர். தாதுவை உலையில் வறுத்தால் டெல்லூரியமும் கந்தகமும் பிரிந்து தங்கம் தனியாக எஞ்சும்; பிறகு சயனைடு தன் வேலையைச் செய்யும். மற்றது டீல் முறை: தாதுவைக் குழல் அரவையில் மாவாக அரைத்து, சாதாரண சயனைடோடு புரோமோசயனைடையும் சேர்த்துக் கரைப்பது. அன்றைக்குச் சுரங்க நிறுவனங்களிடையே இந்த இரண்டு முறைகளுக்கும் கடும் போட்டி இருந்தது.

நகரத்திலேயே இயங்கும் மேற்கு ஆஸ்திரேலியச் சுரங்கக் கல்லூரி 1902-இல் அருகிலுள்ள கூல்கார்டியில் தொடங்கப்பட்டு, அடுத்த ஆண்டு இங்கே மாற்றப்பட்டது. அதன் கனிமக் காட்சிக்கூடத்துக்கு, ஆலைகளில் பல்லாண்டு பணியாற்றிய உலோகவியலாளர் ஒருவர் என்னோடு வந்திருந்தார். எல்லோரும் தங்கக் கட்டிகள் இருக்கும் கண்ணாடிப் பெட்டியின் முன் கூடியிருக்க, அவர் சல்பைடுகள் பக்கமே என்னை அழைத்துச் சென்றார். அவர் அவற்றைப் பார்த்த பார்வையில் பழைய பகையாளிகளைச் சந்திக்கும் மரியாதை இருந்தது.

பைரைட்டைப் பற்றி அவர் குறைவாகவே பேசினார். சயனைடுக் கரைசலில் அது ஓரளவு அமைதியாகவே இருக்கும். அது செய்யும் தீங்கெல்லாம் தங்கத்தைத் தனக்குள் நுண்துகளாகப் பூட்டி வைப்பதுதான். பைரோடைட் அப்படியன்று. இரும்பின் மற்றொரு சல்பைடான அது, இரும்புச் சல்பைடுகளில் மிகவும் துடிப்பானது. காரக் கரைசலில் போட்டவுடனே சிதையத் தொடங்கி, கரைந்திருக்கும் ஆக்சிஜனை உறிஞ்சிவிடுகிறது. சாதாரண வெப்பநிலையில் ஒரு லிட்டர் நீரில் கரையக்கூடிய ஆக்சிஜனே ஏறத்தாழ 8 மில்லிகிராம்தான் என்னும்போது, அந்தச் சிறு இருப்பையும் பைரோடைட் பறித்துக்கொண்டால் சயனைடு எவ்வளவு இருந்தும் தங்கம் கரையாமல் நின்றுவிடும். அதோடு நிற்பதில்லை, அதிலிருந்து வெளிப்படும் கந்தகம் சயனைடோடு சேர்ந்து தயோசயனேட்டாகவும், இரும்பு சயனைடோடு சேர்ந்து ஃபெர்ரோசயனைடாகவும் மாறுகின்றன. இரண்டுமே தங்கத்தைக் கரைக்கப் பயன்படாதவை. அளவுக்கு மீறிச் சயனைடு செலவாகும் ஆலையில் கழிவு நீரைச் சோதித்தால், பெரும்பாலும் இந்த இரண்டின் வடிவத்தில்தான் அது அகப்படும் என்றார் நண்பர்.

இதற்கு ஆலைகள் கையாளும் மருந்து எளியது. சயனைடு சேர்ப்பதற்கு முன்பே, சுண்ணாம்பு கலந்த தாதுக்குழம்பில் பல மணி நேரம் காற்றையோ ஆக்சிஜனையோ செலுத்துகிறார்கள். பைரோடைட்டின் மேற்பரப்பு ஆக்சிஜனேற்றம் அடைந்து இரும்பு ஹைட்ராக்சைடுப் போர்வை ஒன்று அதன்மேல் படிந்துவிடும். அதன்பின் சயனைடு வந்தாலும் அது வினைபுரியத் தயங்கும். சிறிதளவு லெட் நைட்ரேட் சேர்ப்பதும் உண்டு. கரைசலில் அலையும் சல்பைடு அயனிகளை ஈயம் பிடித்து வீழ்படிவாக்குவதோடு, தங்கத்தின் மேல் படலம் உறைவதையும் குறைக்கிறது. ஆனால் ஈயம் மிகுந்தால் அதுவே தங்கத்தின் மேல் படிந்து கரைதலைத் தடுக்கும் என்பதால், அளவைக் கண்டறிய ஒவ்வொரு தாதுவுக்கும் தனித்தனியே சோதனை செய்தாக வேண்டும்.

அடுத்த பெட்டியில் ஸ்டிப்னைட் இருந்தது. ஈட்டி முனைகளைக் கட்டாகக் கட்டி நிறுத்தியது போன்ற அதன் படிகங்கள் காட்சிக்கூடத்திலேயே அழகானவை என்பேன். ஆலையில் அதைவிட வெறுக்கப்படும் கனிமம் அரிது. ஆண்டிமனியின் சல்பைடான அது காரத்தில் எளிதில் கரைகிறது. சயனைடு முறைக்கோ காரம் கட்டாயம் வேண்டும்; கரைசலின் அமில-கார எண் 9.2 அளவுக்குக் குறைந்தால் சயனைடில் பாதி ஹைட்ரஜன் சயனைடு என்ற நச்சு வளியாகிவிடும் என்பதால், 10-க்கு மேலேயே வைத்திருப்பார்கள். பாதுகாப்புக்காகச் சேர்க்கும் அதே சுண்ணாம்பு ஸ்டிப்னைட்டையும் கரைத்துவிடுகிறது. கரைந்த ஆண்டிமனி தங்கத் துகளின்மேல் படலமாகப் படிய, தாதுவில் சிறிதளவே ஸ்டிப்னைட் இருந்தாலும் தங்க மீட்பு வெகுவாகச் சரிந்துவிடும். ஆர்சனிக்கின் சல்பைடுகளான ரியால்கரும் ஆர்பிமெண்டும் இதே வகையினவே. ஆர்சனோபைரைட்டின் குணம் வேறு; அது மெதுவாகவே சிதைகிறது, ஆனால் எந்த அரவையாலும் பிரிக்க முடியாத அளவு நுண்ணிய தங்கத்தைத் தன் படிகத்துக்குள்ளேயே வைத்திருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் பார்பர்டன் பகுதியிலுள்ள ஃபேர்வியூ சுரங்கத்தில், இத்தகைய தாதுவைச் சிதைக்கப் பாக்டீரியாக்களைப் பயன்படுத்தும் ஆலை 1986-இல் தொடங்கப்பட்டது. இரும்பையும் கந்தகத்தையும் உணவாகக் கொள்ளும் அந்நுண்ணுயிர்கள் கனிமத்தை அரித்தபின் தங்கம் வெளிப்படுகிறது.

செம்புக் கனிமங்கள் வண்ணத்தால் ஏமாற்றுபவை. பச்சை மாலகைட்டும் நீல அசுரைட்டும் பார்வைக்கு மென்மையானவை; சயனைடுக் கரைசலில் ஒரு நாளுக்குள் அவற்றின் செம்பில் 90 விழுக்காடும் அதற்கு மேலும் கரைந்துவிடும். கால்கோசைட்டும் அப்படியே. போர்னைட்டில் ஏறத்தாழ 70 விழுக்காடு கரையும். உலகின் செம்புத் தேவையில் பெரும்பங்கைத் தரும் கால்கோபைரைட்டோ 6 விழுக்காடுகூடக் கரைவதில்லை. ஆகவே தாதுவில் மொத்தச் செம்பு எவ்வளவு என்ற பகுப்பாய்வு எண்ணைமட்டும் பார்த்து முடிவெடுப்பது பயனற்றது. அந்தச் செம்பு எந்தக் கனிமமாக இருக்கிறது என்பதே கேள்வி. ஒரு செம்பு அணு பொதுவாக மூன்று சயனைடு அயனிகளைப் பிடித்துக்கொள்வதால், ஒரு கிலோகிராம் செம்பு கரைந்தால் சுமார் 2.3 கிலோகிராம் சோடியம் சயனைடு வீணாகும். ஒரு டன்னில் ஒரே ஒரு கிலோகிராம், அதாவது 0.1 விழுக்காடு, கரையக்கூடிய செம்பு இருந்தாலே ஒரு சுரங்கத்தின் கணக்குவழக்கு கவிழ்ந்துவிடக் கூடும்.

கரி கலந்த தாதுக்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் கார்லின் பகுதியில் காணப்படுவது போன்ற கரிமப் பொருள் நிறைந்த பாறையில், சயனைடு தங்கத்தைக் கரைத்தாலும், பாறையிலுள்ள கரி அதை மீண்டும் உறிஞ்சிக் கழிவோடு கொண்டுபோய்விடுகிறது. அதற்குப் போட்டியாக, ஆலையினர், கரைந்த தங்கத்தைப் பிடிக்கத் தாம் பயன்படுத்தும் உறிஞ்சு கரியைக் கரைக்கும் தொட்டிக்குள்ளேயே போட்டு முந்திக்கொள்ள முயல்கிறார்கள். அது போதாதபோது வறுப்பதோ உயர் அழுத்தக் கலனில் ஆக்சிஜனேற்றுவதோதான் வழி.

இனி உப்புநீர். கால்கூர்லிப் பகுதி ஆலைகளில் நிலத்தடி உப்புநீரே தாதுக்குழம்புக்குப் பயன்படுகிறது. அந்த நீரில் மக்னீசியம் மிகுதி. சுண்ணாம்பு சேர்த்துக் காரத்தன்மையை உயர்த்த முயன்றால், மக்னீசியம் ஹைட்ராக்சைடாகப் படிந்து அந்தச் சுண்ணாம்பை விழுங்கிவிடும். மக்னீசியம் முழுவதும் தீரும்வரை அமில-கார எண் மேலே ஏற மறுக்கும். சுண்ணாம்பைக் கொட்டிக்கொண்டே இருப்பதா, குறைந்த காரத்தில் இயக்கிச் சயனைடு ஓரளவு வளியாக இழப்பதைப் பொறுத்துக்கொள்வதா என்பது இங்கே அன்றாடக் கேள்வி. போதாக்குறைக்கு, உப்புநீரில் ஆக்சிஜன் கரைவதும் குறைவு.

மறுநாள் நகருக்கு வடக்கே, 20 கிலோமீட்டருக்கும் சற்றுக் குறைவான தொலைவிலுள்ள கிட்ஜி வரை சாலையில் சென்றோம். முன்பு வறுப்பு உலைகள் நகரத்தை ஒட்டியே இருந்தன. அவற்றின் கந்தக டை ஆக்சைடுப் புகை குடியிருப்புகளைத் தாக்கியதால், 1989-இல் கிட்ஜியில் புதிய உலைகள் அமைக்கப்பட்டன. அரைத்த தாதுவிலிருந்து காற்றுக் குமிழ்களில் ஒட்டவைத்து மிதக்கச் செய்யும் நுரை மிதப்பு முறையில் பிரித்த பைரைட்டு, டெல்லூரைடு அடர்தாது அங்கே வறுக்கப்பட்டது. 2015-இல் அந்த உலைகளும் நிறுத்தப்பட்டு, வறுப்பதற்குப் பதிலாக 10 மைக்ரான் அளவுக்கு மிக நுண்ணியதாக அரைக்கும் முறை முழுமையாக இடம்பிடித்தது. வேலிக்கு வெளியே நின்றபடி நண்பர் அதன் மறுபக்கத்தையும் விளக்கினார்: இவ்வளவு நுண்ணியதாக அரைத்தால் பூட்டிய தங்கம் வெளிப்படும், டெல்லூரைடும் கரையும், ஆனால் பைரைட்டின் மேற்பரப்பும் பன்மடங்கு பெருகுவதால், முன்பு அமைதியாக இருந்த அதுவும் ஆக்சிஜனையும் சயனைடையும் உட்கொள்ளத் தொடங்கும். புகையில்லை என்பதற்கு ஈடாகக் கரைக்கும் தொட்டியில் செலவு கூடுகிறது. என் கணிப்பில் இது நியாயமான பரிமாற்றமே, ஏனெனில் சயனைடின் செலவைச் சுரங்கம் ஏற்கும், புகையின் செலவை ஊர்தான் ஏற்றது.

திரும்பும் வழியில், நாளைக்கு எவ்வளவு சயனைடு போடுவது என்று ஆலை எப்படித் தீர்மானிக்கிறது என்று கேட்டேன். சுரங்கத்தின் எந்த முகத்திலிருந்து லாரிகள் வருகின்றன என்பதைப் பார்த்துத்தான் என்றார். நிலவியலாளர் முன்கூட்டியே தரும் கனிம வரைபடத்தைக் கொண்டு, சல்பைடு மிகுந்த தாதுவை எளிய தாதுவோடு கலந்து, தொட்டிக்கு வரும் தாதுவின் குணம் நாளுக்கு நாள் அதிகம் மாறாமல் பார்த்துக்கொள்கிறார்கள். புதிய பகுதி திறக்கப்பட்டால், அந்தத் தாதுவின் மாதிரியைச் சயனைடுக் கரைசலோடு புட்டியில் இட்டு ஒன்றிரண்டு நாள் உருட்டிப் பார்த்த பிறகே அதை ஆலைக்குள் விடுவார்கள்.