தணலில் கொழுப்பு சொட்டும்போது

கடந்த சித்திரை விடுமுறையில், மாங்குளத்தில் எங்கள் வளவின் பாலை மரத்தடியில் நான் சுட்ட கோழித் தொடைகள் வெளியே கரிக்கட்டையாகவும் எலும்போரம் இரத்தச் சிவப்பாகவும் இருந்தன. மைத்துனர் கரியைக் குறை கூறினார், பிழை என்னுடையது. கொழுப்பை வெட்டாமல், ஊறவைத்த கலவையில் நல்லெண்ணெயையும் தாராளமாக ஊற்றி, துண்டுகளைத் தணலுக்கு நேர்மேலே அடுக்கியிருந்தேன். உருகிச் சொட்டும் கொழுப்பு செந்தணலில் பட்டவுடன் ஆவியாகித் தீப்பற்றுகிறது; அந்தச் சுவாலையின் புகைக்கரிதான் இறைச்சியில் படிந்து கசக்கிறது.

இப்போது சிரட்டைக்கரி சாம்பல் பூத்த பின்னர் அதை, அடுப்பாகப் பயன்படும் அரைப் பீப்பாயின் ஒரு பக்கமாக ஒதுக்கி, மறுபக்கத்தை வெறுமையாக விடுகிறேன். தோல் மேலே இருக்கும்படி துண்டுகளை அந்த வெறும் பக்கத்தில் வைத்து மூடி, உட்பகுதி 74 பாகை செல்சியஸை நெருங்கிய பின்னரே, தோல் மொறுமொறுக்க ஓரிரு நிமிடம் தணலுக்கு மேல் நகர்த்துகிறேன். ஆட்டிறைச்சியாயின், ஓரக் கொழுப்பை அரை சென்ரிமீற்றருக்கு மேல் விடுவதில்லை.

சுவாலை எழுந்தால் முதலில் இறைச்சியை இடுக்கியால் விலக்குவேன்; அடங்காவிட்டால் மூடியைப் போட்டுக் காற்றுத் துளைகளை அடைப்பேன். தண்ணீர் தெளிப்பதே எங்கள் வீட்டுப் பழைய வழக்கம். ஆனால் அது சாம்பலைக் கிளப்பி இறைச்சியில் ஒட்டவைப்பதோடு, கொதிக்கும் கொழுப்பையும் தெறிக்கச் செய்யும் என்பதற்கு என் மணிக்கட்டுத் தழும்பே சாட்சி. தென்மேற்குக் காற்றான சோளகம் வீசும் நாட்களிலோ, காய்ந்த புல்லைச் செருக்கி அகற்றாமல் நான் நெருப்பே மூட்டுவதில்லை.